கட்டி யாரையெல்லாம் கூப்பிடுகிறது

கோலாலம்பூரில் எனக்கு மூன்று வார வேலை. மார்பகக் கட்டியைத் தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஒரே சீவலில் ஆறு நிறச் சாயம் ஏற்றிப் பார்க்க அங்கே ஓர் ஆய்வகத்தில் பயிற்சி கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் எங்கள் ஆய்வகம் இரண்டு நிறத்தைத் தாண்டியதில்லை. ஆறு நிறம் இருந்தால் ஒரே சீவலிடம் ஆறு கேள்வி கேட்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது.

பக்கத்து மேசை தேவியுடையது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டாவது வாரம் புதன்கிழமை, மதியம் சாப்பிடும்போது கேட்டாள்.

"நிவி, இந்த வாரக் கடைசி என்னோட மேல வரியா? எங்கம்மாகிட்ட ஒன்னு பேசணும் லா."

விஷயம் இதுதான். அவள் அம்மா பாக்கியத்துக்கு இடது மார்பில் கட்டி. சோதித்துப் பார்த்து, புற்று என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை, மலைக்குக் கீழே ஈப்போ நகர ஆஸ்பத்திரியில் அறுவை. திங்கள் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து படுக்கை வாங்க வேண்டும். அம்மா வரமாட்டேன் என்கிறார்.

"முப்பது வருஷம் தேயிலைச் செடிக்கு கவாத்து வெட்டினவங்களாம். வெட்டின எடத்துலதான் தழைக்குமாம். கட்டிய வெட்டினா அதுவும் தழைக்குமாம். நான் சொன்னா, 'நீ பட்டன் அமுக்குறவ, ஒனக்கு என்ன தெரியும்'ங்குறாங்க."

"நானும் பட்டன் அமுக்கறவதான்."

"நீ ஊர்லேர்ந்து வந்தவ. அதுவும் மூனு வருஷமா இதையே படிச்சுக்கிட்டு இருக்க. சொன்னா கேப்பாங்க."

அங்கே ஊர் என்றால் இந்தியா; பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா' அந்த நாட்டு வழக்கு. நான் ஒப்புக்கொண்டேன். எடுத்துக்கொண்டவை: ஸ்வெட்டர் ஒன்று, வாந்தி மாத்திரை ஆறு, கைப்பேசியில் கட்டிச் சீவல்களின் படங்கள் நாற்பது, ஒரு நோட்டு. நோட்டில் அவர் கேட்கக்கூடிய இருபத்துமூன்று கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் எழுதி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மலையடிவாரத்துக்குத் தேவியின் அப்பா ஒரு பழைய ஜீப்பைக் கொண்டுவந்தார். வாரநாட்களில் மலைமேல் உள்ள திரிங்காப் என்ற ஊரிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவர். ஆள் மெலிவு, பேச்சும் அப்படியே. வால்பாறைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் போட்டிருப்பார்கள். நாற்பதில் எத்தனை முடிந்தது என்று பார்த்துக்கொண்டே போகலாம். இங்கே வளைவுகளுக்கு எண் இல்லை. முப்பத்தொன்று வரை எண்ணி, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு விட்டுவிட்டேன்.

பாதி மலையில் ஜீப்பின் முன்புறம் புகைந்தது. அந்த மலைப் பழங்குடிகளான ஒராங் அஸ்லி மக்கள் பெத்தாயும் தேனும் விற்கும் மூங்கில் கடை ஒன்றின் பக்கத்தில் நிறுத்தினார். பெத்தாய் என்பது நீண்ட காயில் வரும் பச்சைக் கொட்டை. வாசனை எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடித்தது. அப்பா ஜீப்பின் முன்மூடியைத் திறந்து, ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றினார்.

"தெனம் இப்படித்தாங்களா?" என்றேன்.

"சும்மா லா. ஒரு தடவ ஏறுறதுக்கு ஒரு தடவ. இவனுக்கும் மூச்சு வாங்கணும்ல."

லயத்து வீட்டை அடைந்தபோது வெளிச்சம் இருந்தது. பத்து வீடுகள் ஒட்டிக்கொண்ட வரிசை. மூன்றில்தான் தமிழ்க் குடும்பங்கள். மற்றவற்றில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். பாக்கியம் ஆன்ட்டி வாசலில் காலணிச் சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தார். குள்ளம், அகலமான தோள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் கேன்சர் டாக்டரா?"

"டாக்டர் இல்லைங்க ஆன்ட்டி. ஆராய்ச்சி."

"அப்ப வைத்தியம் பண்ண மாட்ட."

"மாட்டேங்க."

"நல்லது. வா, சாப்புடு."

டின் சார்டின் குழம்பு, கங்கூங் கீரை, சுடச்சுடச் சோறு. குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அறுவை பற்றி யாரும் பேசவில்லை. சாமான்களைக் கழுவும்போது மட்டும் தேவி என் காதருகே, "நாளைக்கு" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பெரட்டு. வேலை தொடங்குமுன் ஆட்களைக் கூட்டிப் பிரித்துவிடுவதற்கு இங்கே அந்தப் பெயர். கங்காணி விசில் ஊதுகிறார், லயங்களிலிருந்து ஆட்கள் வந்து நிற்கிறார்கள், யாருக்கு எந்த மலை என்று சொல்கிறார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நாங்கள் ஆன்ட்டியின் பின்னால் நடந்தோம்.

நீலகிரியில் கையாலோ கத்தரியாலோ கொழுந்து எடுப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே மெஷின். ஓர் ஆள் நீளத்தைவிடப் பெரிய, சற்றே வளைந்த கத்தி. செடி வரிசையின், அதாவது நிரையின், இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வெட்டுப்படும் கொழுந்தைக் காற்று பின்னால் தொங்கும் பெரிய பைக்குள் தள்ளுகிறது. பையை இழுத்து வர மூன்றாவது ஆள். ஒரு முனையில் இஞ்சின். அந்த முனைதான் கனம். அதைப் பிடிப்பவரின் இடது கையில் பாரம் இறங்குகிறது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்தான். மறுமுனைக்காரர் அந்த வேகத்துக்கு ஒட்டி நடக்க வேண்டும்.

இஞ்சின் முனை ஆன்ட்டியுடையது. மறுமுனையில் ரஃபீக். வங்காளதேசத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், பதினோரு வருடமாக அவருடைய ஜோடி. தமிழில் அவருக்கு வரும் சொற்கள் 'அக்கா', 'மெதுவா', 'போலாம்', சில வசவுகள். மற்றதெல்லாம் மலாய்.

நாற்பது நிமிடம் பார்த்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அவர்கள் கடந்து போனபின் நிரையின் தலை மேசைப்பலகை மாதிரி இருந்தது. பக்கத்து மலையில் இன்னொரு ஜோடி வெட்டிய நிரை அலை அலையாகக் கிடந்தது. அதைக் காட்டி ரஃபீக் மலாயில் ஏதோ சொன்னார், தேவி எனக்குச் சொன்னாள்: "அவன் தன் பெண்டாட்டிகூட நடந்தா இப்படித்தான் இருக்குமாம். ஒருத்தர் முன்ன, ஒருத்தர் பின்ன."

"வாய மூடிக்கிட்டு நட லா," என்றார் ஆன்ட்டி.

பத்து மணிக்குப் பசியாற உட்கார்ந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அங்கே அதுதான் சொல். வாழையிலைப் பொட்டலத்தில் நாசி லெமாக்: தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சம்பல். தேவி என்னை முழங்கையால் இடித்தாள். நான் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைத் திறந்தேன். ஆறு நிறம் ஏற்றிய சீவல்.

ஆன்ட்டி கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். "அழகா இருக்கு. இதுல கட்டி எது?"

"செவப்பா இருக்கறது."

"இந்த மஞ்ச?"

"அது கட்டி இல்லைங்க. உடம்போட சொந்த ஆளுங்க. கிருமி வந்தா, காயம் பட்டா, ஓடி வந்து தின்னு சுத்தம் பண்ற செல்லு."

"கட்டிக்குள்ள அதுக்கு என்ன வேல?"

என் மூன்று வருட வேலையை ஒரே கேள்வியாக அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. உடம்பின் செல்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதற்குச் சிறு புரதங்களைக் கசியவிடுகின்றன. அவற்றுக்குக் கீமோகைன் என்று பெயர். அதைக் கேட்கும் காது, அதாவது ஏற்பி, எந்தச் செல்லின் மேல் இருக்கிறதோ அது அந்தப் புரதம் அடர்த்தியாக இருக்கும் பக்கம் நோக்கி ஊர்ந்து போகும். விரல் வெட்டுப்பட்டால் சீழ் சேர்வது இப்படித்தான். கட்டியும் அதே புரதங்களைக் கசியவிடுகிறது. தின்னிச் செல்கள் வருகின்றன. வந்தவற்றைக் கட்டி தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. அவை அதற்கு ரத்தக்குழாய் போட்டுக் கொடுக்கின்றன, வழியை இளக்கிக் கொடுக்கின்றன. வேறொரு கீமோகைன் சமாதானம் செய்யும் செல்களை அழைக்கிறது. அவை வந்ததும், கட்டியைக் கொல்ல வந்த செல்கள் கை ஓய்ந்து நிற்கின்றன. கட்டியைச் சுற்றியுள்ள நார்ச் செல்களும் தம் பங்குக்குக் கசியவிட்டு, கொல்லும் செல்களை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. எல்லாக் கீமோகைனும் கெட்டதல்ல. கொல்லும் செல்களை உள்ளே வரவழைப்பவையும் உண்டு. எது அதிகம் என்பதைப் பொறுத்தது.

இதைத் தட்டுத்தடுமாறிப் பேச்சுத் தமிழில் சொன்னேன். ஆன்ட்டி கேட்டுக்கொண்டே நெத்திலியைப் பொறுக்கினார்.

"பெரட்டுக்கு விசில் ஊதுற மாதிரி."

"அப்படித்தானுங்க."

"ஊதுறது யாருன்னு பாக்க மாட்டானுங்களா?"

"பாக்காதுங்க. சத்தம் எந்தப் பக்கம் கூடுதோ அந்தப் பக்கம் நடக்கும்."

"மடையனுங்க." ஒரு வாய் சாப்பிட்டார். "சரி, பரவுது பரவுதுங்குறாங்களே, அதுக்கு யாரு ஊதுறா?"

"போய்ச் சேர்ற எடம்தானுங்க. எலும்பு மஜ்ஜை, நுரையீரல், நெறிக்கட்டி, இதெல்லாம் தன்னோட செல்லுங்களை வீட்டுக்குக் கூப்புட ஊதிக்கிட்டே இருக்கும். கட்டிச் செல்லு அந்தக் காதை மாட்டிக்கிட்டா அதுவும் கெளம்பிப் போயிரும்."

"விசில புடுங்கிட்டா?"

"அதுக்குத்தான் மருந்து தேடிக்கிட்டிருக்கோம். ஒண்ணைப் புடுங்கினா இன்னொண்ணை எடுத்து ஊதுது. மொத்தம் கிட்டத்தட்ட அம்பது இருக்குங்க. இதுவரைக்கும் நெனச்ச அளவுக்கு நடக்கலை. அதனாலதான் ஊதறவனையே எடுத்துரணும்ங்கறது. ஆபரேஷன்."

தேவியின் முகம் தெளிந்தது. ஆன்ட்டி பொட்டலத்தை மடித்தார்.

"வெட்டின எடம் காயம்தான. காயம் ஊதாதா?"

இருபத்துமூன்று கேள்விகளில் இதுவும் இருந்தது. எண் ஒன்பது. எழுதி வைத்த பதிலை அப்படியே சொன்னேன். காயமும் ஊதும். எங்கோ தூங்கிக்கிடக்கும் ஒரு கட்டிச் செல் அந்தச் சத்தத்தில் விழித்துக்கொள்ளலாம் என்பதற்கு எலிகளில் சில அறிகுறிகள் உண்டு. ஆனால் கட்டியை உள்ளேயே விட்டுவைப்பதைவிட எடுப்பதுதான் சந்தேகமே இல்லாமல் நல்லது.

மூன்று வாக்கியம். மூன்றும் சரி. ஆன்ட்டி இரண்டாவதோடு நின்றுவிட்டார்.

"பாத்தியா," என்றார் மகளிடம். கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.

பிற்பகல் தேவி என்னைச் சுற்றுலாப் பயணிகள் வரும் தேநீர்க் கடைக்கு நடத்திச் சென்றாள். பள்ளத்தாக்கின் மேல் கண்ணாடிச் சுவர். ஸ்கோன் என்ற ரொட்டி, ஸ்ட்ராபெரி ஜாம், பாலேடு. ஊட்டி வர்க்கியை டீயில் முக்குகிற சுகம் இதில் இல்லை, உதிர்ந்துவிடுகிறது. பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் தேயிலைச் செடியின் பின்னால் யார் நின்று படம் எடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. தேவி தேநீரைத் தொடவில்லை.

"எலிக் கதைய சொல்லச் சொல்லி யாரு கேட்டா?"

"அவங்கதான் கேட்டாங்க."

"ஆறு கலரு போடத் தெரியுது. ஒரு பொய் சொல்லத் தெரியல."

"பொய் சொல்லி, அப்புறம் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா திட்டட்டும். உசுரோட இருந்து திட்டட்டும் லா."

என் ஸ்கோனை முடித்துவிட்டு அவளுடையதையும் சாப்பிட்டேன். பதற்றம் வந்தால் நான் சாப்பிடுவேன். திரும்பி நடக்கும்போது அவள் பத்தடி முன்னால் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவியின் அப்பா, ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு ஸ்ட்ராபெரி காட்டாமல் அனுப்பக்கூடாது என்று முடிவு செய்தார். நான்கு பேரும் ஜீப்பில் ஏறினோம். ஸ்ட்ராபெரித் தோட்டங்கள் இருக்கும் கியா பார்முக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னால் சாலை நின்றுவிட்டது. பள்ளி விடுமுறை. முன்னால் கார்கள், பின்னால் கார்கள், நடுவில் இரண்டு சுற்றுலா பஸ்கள். இருபது நிமிடத்தில் மூன்று வண்டி நீளம் நகர்ந்தோம். அப்பா இஞ்சினை அணைத்தார். முன்னால் நிற்கும் லோரி தெரிந்தவனுடையது என்று இறங்கிப் போனார். தேவி அவித்த சோளம் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனாள். முந்தின நாளிலிருந்து என்னுடன் அவள் அதிகம் பேசவில்லை.

ஆன்ட்டியும் நானும் பின்சீட்டில். வெளியே ஒரு சிறுமி ஸ்ட்ராபெரி வடிவத் தொப்பி போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நீ காட்டுன படம்," என்றார். "அது யாரோட கட்டி?"

"தெரியாதுங்க."

"பேரு கூட?"

"எண் மட்டும்தான் எங்களுக்கு வரும். வயசு, எந்தப் பக்கம், எவ்வளவு பெருசு. அவ்வளவுதான்."

"என்னுதுக்கும் நம்பரு போட்டு ஒரு பொண்ணு கலரு போடுவாளா?"

"நீங்க சம்மதிச்சா போடுவாங்க."

தலையசைத்தார்.

"கவாத்து கதைய நீயும் நம்பிட்டியா?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"வேர விட்டுட்டு வெட்டுனா செடி தழைக்கும். வேரோட புடுங்குனது தழைக்குமா? இத்தன வருஷம் செடியோட கெடந்தவளுக்கு இது தெரியாதா?"

"அப்புறம் ஏன் தேவிகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"அவ படிச்சவ. படிச்சவங்ககிட்ட ஒரு மூடநம்பிக்கைய குடுத்துட்டா அதோடவே சண்ட போட்டுக்கிட்டு கெடப்பாங்க. வேற எதையும் கேக்க மாட்டாங்க. பாரு, கவாத்துக்குப் பதில் சொல்ல ஊர்லேர்ந்து ஒரு ஆளையே கூட்டிட்டு வந்துட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் ஸ்வெட்டர் கையை மடித்து இடது முன்கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கயிறு மாதிரி நரம்பு.

"அக்குள்ல நெறிக்கட்டிய எடுக்கணும்னு சொன்னாங்க. எங்க லயத்துல லெச்சுமிக்கு எடுத்தாங்க. ஆளு நல்லாருக்கா, இல்லேன்னு சொல்லல. ஆனா கை வீங்கிப் போச்சு. வாளி தூக்க மாட்டா. நர்சரியில ஒக்காந்து பையில மண்ணு நெரப்புறா. அவளுக்கு அது சரி. நான் மண்ணு நெரப்ப மாட்டேன்."

"அவங்களுக்கு எல்லா நெறிக்கட்டியும் எடுத்திருப்பாங்க."

"எனக்கும் அதான."

"முதல்லயே எல்லாத்தையும் எடுக்க மாட்டாங்களே."

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். மலாயும் இங்கிலீசுமாகச் சொன்னார், அக்குள் என்றதும் காது அடைத்துவிட்டது, அதற்குமேல் கேட்கவில்லை என்றார். கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. மலாயில் இருந்தாலும் நடுவில் வரும் மருத்துவச் சொற்கள் எனக்குத் தெரிந்தவை.

நோட்டின் பின்பக்கத்தில் வரைந்தேன். மார்பு, அக்குள், இரண்டுக்கும் நடுவில் கோடுகள். கட்டிப் பக்கத்தில் ஊசியால் சாயம் விடுவார்கள். அது எந்த நெறிக்கட்டிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்கு, முதலில் போய்ச் சேர்கிறதோ, கட்டியிலிருந்து கிளம்பும் செல்லும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் போய் நிற்கும். அந்த ஒன்றை, அல்லது இரண்டை, எடுத்துப் பார்ப்பார்கள். சுத்தமாக இருந்தால் மற்றதைத் தொடமாட்டார்கள். கை பெரும்பாலும் கையாகவே இருக்கும். அவருடைய தாளில் இருந்ததும் இதுதான்.

"பெரும்பாலும்," என்றார்.

"பெரும்பாலும்தானுங்க. நான் டாக்டர் இல்லை. அவர்கிட்ட இதையே திருப்பிக் கேளுங்க."

படத்தை வாங்கிப் பார்த்தார். அக்குள் கோட்டில் விரலை வைத்தார்.

"அந்த மொதல்ல பாக்குறதுல இருந்துச்சுன்னா?"

"மத்ததையும் எடுக்க வேண்டி வரலாம்."

"அப்ப என்ன எழுப்பிக் கேப்பாங்களா?"

இருபத்துமூன்றில் இது இல்லை. நோட்டைப் புரட்டத் தேவையில்லை, எனக்கே தெரிந்தது.

"கேக்க மாட்டாங்க ஆன்ட்டி. மயக்கத்துல இருப்பீங்க. முன்னாடியே கையெழுத்து வாங்கிருவாங்க. இதுலயே போட்டிருக்கு, கடைசி வரி. எடுக்கச் சம்மதமா இல்லையான்னு."

"அங்க என்ன இருக்குன்னு தெரியாம நான் முடிவு பண்ணணும்."

"ஆமாங்க."

இன்னும் ஏதாவது சொல்லி அதை மென்மையாக்கலாமா என்று யோசித்தேன். சொல்வதற்கு உண்மையாக ஒன்றும் இல்லை. அவர் தாளை அதே மடிப்புகளில் மடித்தார்.

"தேவிகிட்ட சொல்லாத."

"கேட்டா?"

"கவாத்தையே பேசிக்கிட்டு இருக்கோம்னு சொல்லு."

"எனக்குப் பொய் வராதுன்னு நேத்துதான் திட்டு வாங்கினேனுங்க."

முதல்முறையாகச் சிரித்தார். தேவி சோளத்தோடு வந்தாள், கை சுடச்சுட. நான்கு பேரும் ஜீப்பில் உட்கார்ந்து சோளம் தின்றோம். ஸ்ட்ராபெரித் தோட்டத்தை அடையவில்லை. ஒரு திருப்பத்தில் அப்பா வண்டியை வளைத்து வீட்டுக்கே விட்டார். ஆன்ட்டி வரும் வழி முழுக்கக் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். காய்கறி லோரிகள் சாலையைப் பிடித்துக்கொள்வதற்கு முன் திரிங்காப்பைத் தாண்டிவிட்டால் மதியத்துக்குள் ஈப்போ. நானும் அங்கிருந்து பஸ் ஏறுவதாக ஏற்பாடு. ஏழு மணிக்கு எழுந்தபோது வாசலில் தேவி நின்றிருந்தாள். அவள் கட்டி வைத்த ஆஸ்பத்திரிப் பை கதவோரம் அப்படியே இருந்தது. அம்மாவின் மழைக்காலணியைக் காணவில்லை.

"பெரட்டுக்குப் போயிட்டாங்க," என்றாள். குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை. "லீவு போட்டுக் குடுத்தாச்சு. பேரே இன்னிக்கி இல்ல. அப்படியும் போயிருக்காங்க."

அவள் அப்பா ஜீப்பின் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் போய்க் கூப்புட்டா வர மாட்டா," என்றார். "நீங்க போங்க."

மலைச்சரிவில் பனி இன்னும் விலகவில்லை. ஈரச் செடி உரசி முழங்கால் வரை நனைந்தது. தேவி வேகமாக நடந்தாள். சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்; மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பேசியதைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தேன். சொல்லாதே என்றவர் அவள் அம்மா.

மெஷின் சத்தம் முதலில் கேட்டது. பிறகு அவர்கள் தெரிந்தார்கள்.

இஞ்சின் முனையில் ரஃபீக். மறுமுனையில் ஆன்ட்டி.

இருவரும் தள்ளாடிக்கொண்டு நடந்தார்கள். ரஃபீக் வேகத்தைக் கூட்டினால் ஆன்ட்டியின் முனை பின்னால் இழுத்தது. அவர் எட்டிப் பிடிப்பதற்குள் ரஃபீக் குறைத்துவிட்டார். ஆன்ட்டி முன்னால் போய்விட்டு நின்றார். அவர் இடது கையை இடுப்போடு சேர்த்து மடக்கி வைத்திருந்தார். வலது கை மட்டும் பிடியில். பை இழுக்கும் நேப்பாளக்காரர் எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"ஏன்டா ஓடுற? பின்னாடி நான் வர வேணாமா?"

ரஃபீக் மலாயில் சொன்னது எனக்கே புரிந்தது: முன்னால் போய்ப் பழக்கமில்லை அக்கா.

"பழகு. எனக்கு மட்டும் பின்னால வந்து பழக்கமா?"

தேவி நிரையின் முனையில் நின்றுவிட்டாள். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்ததில் ஒன்றும் வெளியே வரவில்லை. "அம்மா, மணியாச்சு," என்றாள்.

"வரேன் லா. இந்த நிரை முடியட்டும்." நடந்துகொண்டே, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார். "அந்தத் தாள்ல கடைசி வரி இருக்குல்ல. இருந்துச்சுன்னா எடுத்துக்கட்டும்னு போடு. மலாயில போடு. அங்க போனா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

தேவிக்கு எந்தத் தாள் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். "அப்புறம் சொல்றேன்," என்றேன்.

நிரை முடிந்தது. ரஃபீக் இஞ்சினை அணைத்தார். ஆன்ட்டி கையுறையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் வழித்திருந்தது, அந்தப் பக்கம் கொழுந்து அப்படியே நின்றது. தோட்டத்திலேயே மோசமான நிரை அதுதான்.

"இதை யாரு வெட்டினதுன்னு தொரை கேட்டா," என்றார் ரஃபீக்கிடம், அவருக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாக, "அக்கா ஈப்போ போயிருக்கு, வந்து பழகிக்கும்னு சொல்லு."